புள்ளலூருக்கு 44 நாள்: பொம்மைப் படைக்கு வர்ணம் பூசும்போது எது கெடும், எப்படிச் சரிசெய்வது

1780 செப்டம்பர் 10-ஆம் தேதி, காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில், கர்னல் வில்லியம் பெய்லியின் கிழக்கிந்தியக் கும்பினிப் படையை ஐதர் அலியும் அவர் மகன் திப்புவும் வளைத்துப் பிடித்து முடித்துவிட்டார்கள். அந்தச் சண்டையை 28 மில்லிமீட்டர் உருவங்களைக் கொண்டு மேசைமேல் ஆடிப் பார்ப்பது என்று நாங்கள் நான்கு பேர் முடிவுசெய்தோம். ஆட்டமும் செப்டம்பர் 10 அன்றே நடக்க வேண்டும் என்று வீம்பு. முடிவெடுத்த நாள் ஜூலை 28. மைசூர்ப் படை நண்பர் பொறுப்பு. பெய்லி என் பொறுப்பு. என் பெட்டியில் 92 பொம்மைகள் இருந்தன. ஒன்றின்மேல்கூட ஒரு துளி வர்ணம் இல்லை.

இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் மினியேச்சர் என்பார்கள். எங்கள் வீட்டில் பொம்மை என்கிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை, இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

44 நாளில் கெட்டதையும் அதைச் சரிசெய்ததையும் அறிகுறிவாரியாகக் கீழே தருகிறேன். உங்கள் மேசையில் இப்போது எது கெட்டிருக்கிறதோ, நேராக அந்த இடத்துக்குப் போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம். மற்ற சிக்கல்களில் பாதி அங்கேதான் முளைக்கின்றன.

அறிகுறி: எப்படிக் கணக்குப் போட்டாலும் நாள் போதவில்லை

முதலில் கணக்குச் சரியா என்று பாருங்கள். பெரும்பாலோர் “ஒரு பொம்மைக்கு அரை மணி” என்று குத்துமதிப்பாகச் சொல்லிவிடுகிறார்கள். ஒரே ஒரு பொம்மையை எடுத்து, பக்கத்தில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, தொடக்கம் முதல் முடிவு வரை பூசிப் பாருங்கள். காயும் நேரத்தைச் சேர்க்க வேண்டாம். தூரிகை கையில் இருக்கும் நேரம் மட்டும் போதும். எனக்கு 35 நிமிடம் வந்தது. 92 பொம்மைக்கு 3,220 நிமிடம், ஏறத்தாழ 54 மணி நேரம்.

அடுத்து, உண்மையில் எத்தனை மணி கிடைக்கும்? இரவுக்கு ஒரு மணி என்றால் 44 மணி. அதில் மூன்றில் ஒரு பங்கை உடனே கழித்துவிடுங்கள். விருந்தாளி வருவார், கரண்ட் போகும், தலை வலிக்கும், ஆடி மாதம் வேறு. ஆக 30 மணிக்குக் கொஞ்சம் கீழே. தேவை 54, இருப்பு 30.

இந்த இடத்தில் எல்லாரும் செய்யும் தவறு, “தினமும் இரண்டு மணி உட்கார்ந்துவிடலாம்” என்பது. உட்கார மாட்டீர்கள். இரண்டு நாள் உட்காருவீர்கள்; மூன்றாம் நாள் பெட்டியைப் பார்த்தாலே எரிச்சல் வரும். நேரத்தில் கை வைக்காதீர்கள். முதலில் பொம்மைகளைக் குறையுங்கள், அதற்கடுத்து வர்ணங்களை.

என்னிடம் இருந்தவை 16 பேர் கொண்ட நான்கு சிப்பாய்ப் பட்டாளங்கள், ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் (படையின் சிறு பிரிவு) 12 பேர், ஸ்காட்லாந்து மலைநாட்டார் 8 பேர், இரண்டு பீரங்கிக்கு 8 பேர். ஒரு பட்டாளத்தைத் தூக்கிப் பரண்மேல் வைத்தேன். மிச்சம் 76. பெய்லியிடம் இருந்தவர்கள் ஏறத்தாழ 3,800 பேர். ஒரு பொம்மை 50 பேருக்குச் சமம் என்று வைத்தால் 76 போதும். அதுவரை தேவைக்கு மேலேயே வாங்கி வைத்திருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

பிறகு வர்ணங்களை 14-இலிருந்து ஒன்பதாக்கினேன்: தோல், வெள்ளை, மேலங்கிச் சிவப்பு, காலருக்கும் மணிக்கட்டு மடிப்புக்கும் மஞ்சள், தலைப்பாகைக்குக் கருநீலம், தோட்டாப் பைக்குக் கறுப்பு, துப்பாக்கிக் கட்டைக்குப் பழுப்பு, இரும்பு, பொம்மை நிற்கும் அடித்தட்டின் தரைக்கு மண் நிறம். பொத்தான், குடுவையின் தக்கை, செருப்பு வார் எல்லாம் போயின. மறுபடி ஒரு பொம்மையைக் கடிகாரம் வைத்துப் பூசினேன்: 23 நிமிடம். 76-ஐ 23-ஆல் பெருக்கினால் 1,748 நிமிடம், 29 மணி சொச்சம். இப்போது பொருந்துகிறது.

நண்பருக்கு இதைவிடப் பெரிய தலைவலி இருந்தது. மைசூர்க் காலாட்படை என்றதும் புலிவரிச் சீருடை அவர் கண்முன் வந்துவிட்டது. ஒவ்வொரு சட்டையிலும் முப்பது கோடு போடத் திட்டமிட்டிருந்தார். “அந்தச் சீருடை திப்பு அரசரான பிறகான படையோடு சேர்த்துப் பேசப்படுவது. ஐதர் அலி 1782 டிசம்பரில்தான் இறந்தார். நாம் ஆடுவது 1780” என்றேன். ஃபோனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “அண்ணா, இந்த வார்த்தைக்கு உங்களுக்கு ஒரு வேளைச் சாப்பாடு” என்றார். வரலாற்றைக் கொஞ்சம் ஒழுங்காகப் படித்தால் சில சமயம் வேலை மிச்சமாகும்.

அறிகுறி: பிரைமர் அடித்த பொம்மை உப்புத்தாள் போலச் சொரசொரக்கிறது

பிரைமர் என்பது வர்ணம் பிடிப்பதற்காக முதலில் கொடுக்கும் அடிப்பூச்சு. ஸ்பிரே டப்பாவிலிருந்து கிளம்பிய அதன் துளி பொம்மையைத் தொடுவதற்குள் காற்றிலேயே பாதி காய்ந்துவிட்டது. வெயிலில், மொட்டைமாடியில், கையை நீட்டி எட்ட நின்று அடித்தால் இதுதான் நடக்கும். காலை எட்டு மணிக்கு முன்னால், நிழலில், 20 முதல் 25 செண்டிமீட்டர் தூரத்தில், சின்னச் சின்ன வீச்சாக அடியுங்கள். மழை வரும்போல் புழுக்கமாக இருந்தால் அன்றைக்கு வேண்டாம்.

ஏற்கெனவே கெட்டுவிட்டதா? பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை உலர்ந்தபடியே எடுத்து மெதுவாகத் தேயுங்கள். லேசான சொரசொரப்பு போய்விடும். முகத்தில் மூக்கு தெரியாத அளவுக்குப் படிந்திருந்தால் அதை உரித்துத்தான் ஆக வேண்டும்.

இன்னொரு வழி, ஸ்பிரேயையே விட்டுவிடுவது. அழுத்தமூட்டிய டப்பாக்களை விமானச் சரக்கில் அனுப்பக் கட்டுப்பாடுகள் இருப்பதால் வெளிநாட்டுப் பொழுதுபோக்கு ஸ்பிரேக்கள் நமக்குக் கிடைப்பதும் கடினம், விலையும் கொள்ளை. தூரிகையால் பூசும் பிரைமர் பாட்டிலில் வருகிறது. 76 பொம்மைக்கு அது இரண்டு இரவு வேலை. நான் அதைத்தான் செய்தேன். ஒரு பெரிய லாபமும் உண்டு: பூசும்போதே ஒவ்வொரு பொம்மையையும் ஒரு முறை சுற்றிப் பார்த்துவிடுகிறீர்கள். வார்ப்புக் கோடு எங்கே விட்டுப்போயிருக்கிறது, எவன் துப்பாக்கி வளைந்திருக்கிறது என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும்.

அறிகுறி: நகம் பட்டாலே வர்ணம் தோல் தோலாக உரிகிறது

அச்சிலிருந்து பொம்மை சுலபமாக வெளிவரத் தடவிய எண்ணெய்ப் பசை இன்னும் மேலே இருக்கிறது. அல்லது உங்கள் விரலில் இருந்த முறுக்கு எண்ணெய். உலோகம், ரெசின் பொம்மைகளுக்கு இது அதிகம். பாத்திரம் துலக்கும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் பிரஷ்ஷும் போதும். கழுவி, ஓர் இரவு காயவிடுங்கள்.

பூசியாகிவிட்டதென்றால் உரிப்பதற்கு ஒரு பழைய வழி, பழுப்பு நிற டெட்டால். தண்ணீர் கலக்காமல் ஊற்றி ஒரு நாள் ஊறப்போடுங்கள், கையுறை போட்டுக்கொண்டு பிரஷ்ஷால் தேயுங்கள். ஒரு எச்சரிக்கை: தேய்க்கும்போது தண்ணீர் காட்டாதீர்கள். தண்ணீர் பட்டதும் கரைந்த வர்ணம் பலாப்பால் போலப் பிசுபிசுத்து எல்லா இடுக்கிலும் ஒட்டிக்கொள்ளும். டெட்டாலிலேயே தேய்த்து முடித்து, துடைத்துவிட்டு, கடைசியாகச் சோப்புத் தண்ணீருக்குப் போங்கள். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் உலோகத்துக்கு மட்டும்தான். பிளாஸ்டிக் பொம்மையை அதில் போட்டால் காலையில் கஞ்சிதான் இருக்கும்.

அறிகுறி: வர்ணம் தட்டிலேயே காய்கிறது, தூரிகை நுனி கட்டையாகிறது

மின்விசிறி. அதை நிறுத்தினால் நீங்கள் காய்வீர்கள், ஓடவிட்டால் வர்ணம் காயும். ஈரத்தட்டு ஒன்று செய்துகொள்ளுங்கள். தட்டையான டிபன் டப்பா, அதில் பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சுத் துண்டு, அது முழுக்க நனையும் அளவு தண்ணீர், மேலே கேக் கடையில் கிடைக்கும் பட்டர் பேப்பர். வர்ணத்தைத் தாள்மேல் வையுங்கள். கீழிருந்து ஈரம் மெதுவாக ஏறிக்கொண்டே இருக்கும். மூடிபோட்டு வைத்தால் மறுநாள் இரவும் அதே சிவப்பு அப்படியே இருக்கும். ஒரே நிறத்தை மறுபடி கலந்து ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை இல்லை. மூன்றாம் நாள் தண்ணீரை மாற்றாவிட்டால் நாற்றம் எடுக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

தூரிகை நுனி பிளந்துகொண்டால் காரணம் அநேகமாக நீங்கள்தான். முடி தகரத்துக்குள் நுழையும் இடம் வரை வர்ணத்தில் முக்கியிருப்பீர்கள். பாதி முடிக்கு மேல் வர்ணம் ஏறக் கூடாது. தண்ணீர்க் குவளையில் தலைகீழாக நிற்கவைப்பதும் கூடாது.

அறிகுறி: சிவப்பை மூன்று தரம் பூசியும் கீழே கறுப்பு தெரிகிறது

கும்பினிப் படை பூசுகிறவர்களுக்கு இதுதான் முதல் சுவர். மேலங்கி முழுக்கச் சிவப்பு. சிவப்பு, மஞ்சள் நிறமிகள் பலவும் ஒளியை உள்ளே விடுபவை. அடியில் இருப்பதை மறைக்கும் வலு குறைவு. கறுப்புப் பிரைமர்மேல் சிவப்புப் பூசுவது கரும்பலகையில் மஞ்சள் கிழங்கை இழைப்பது போல.

தடித்த பூச்சாகப் பூசி மறைக்கப் பார்க்காதீர்கள், பொத்தானும் மடிப்பும் புதைந்துவிடும். சிவப்புக்கு அடியில் செங்கல் பழுப்பு, மஞ்சளுக்கு அடியில் வெளிர் சந்தன நிறம் என்று ஓர் அடிப்பூச்சு கொடுங்கள். அடிப்பூச்சு சரியாக இருந்தால் மேலே ஒரே பூச்சில் சிவப்பு நிற்கும். இன்னும் புத்திசாலித்தனம், பிரைமரையே செங்கல் நிறத்தில் தேர்ந்தெடுப்பது. படையில் எந்த நிறம் அதிகமோ அதற்கு உறவான நிறத்தில் பிரைமர் இருந்தால், அக்குளிலும் பைக்குப் பின்னாலும் தூரிகை எட்டாமல் போன இடங்கள் நிழல்போலத் தோன்றும். கறுப்பென்றால் அதே இடங்கள் ஓட்டையாகத் தெரியும். என் முதல் பட்டாளம் கறுப்புப் பிரைமர், மற்ற இரண்டும் செங்கல். நேர வித்தியாசம் பொம்மைக்கு நான்கு நிமிடம்.

அறிகுறி: 40 பொம்மை தொடங்கியாயிற்று, ஒன்றுகூட முடியவில்லை

ஆகஸ்ட் 10 வாக்கில் என் மேசை இந்த நிலையில் இருந்தது. 48 சிப்பாய்களுக்கும் ஒரே ஓட்டத்தில் தோல் நிறம், அடுத்த ஓட்டத்தில் வெள்ளை என்று போய்க்கொண்டிருந்தேன். தொழிற்சாலைக் கணக்குப்படி இது சரியான முறை. ஆனால் மனிதன் இயந்திரமல்ல. நான்கு இரவு வேலை செய்தும் மேசையில் பார்த்தால் தோல் மட்டும் பூசிய 48 பேர் கோவணத்தோடு நிற்பதுபோல் நிற்கிறார்கள். ஐந்தாம் இரவு நான் மேசைக்கே போகவில்லை.

மருந்து: எட்டு எட்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எட்டுக்குக் கீழே போனால், கடைசிப் பொம்மைக்குப் பூசி முடிக்கும்போது முதல் பொம்மை இன்னும் காய்ந்திருக்காது, கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். பன்னிரண்டுக்கு மேலே போனால் சலிப்பு. எட்டுப் பேர் மூன்று இரவில் தரை உட்பட முழுதாக முடிந்து அலமாரிக்குப் போவார்கள். அலமாரியில் முடிந்த வரிசை ஒன்று நிற்பதைப் பார்ப்பதுதான் அடுத்த எட்டுப் பேரைத் தொடங்க வைக்கும்.

பொம்மைகளை ஐஸ் குச்சியில் நான்கு நான்காக ஒட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும் நேரம் போகும். விரல் படாததால் வர்ணமும் தேயாது. இரண்டு பொம்மைக்கு நடுவே தூரிகை நுழைகிற அளவு இடம் விடுங்கள்.

வரிசை முக்கியம். உள்ளேயிருந்து வெளியே: முதலில் தோல், பிறகு வெள்ளை அரைக்கால் சட்டை, பிறகு மேலங்கி, அதன்மேல் குறுக்குவார், கடைசியில் துப்பாக்கி. உடுத்துகிற வரிசையிலேயே பூசினால், ஒவ்வொரு நிறமும் முந்தைய நிறத்தின் பிசிறை மூடிக்கொண்டு போகும். துப்பாக்கியை முதலில் பூசியவர், சிவப்பு வழிந்த கட்டையை இரண்டாம் முறை பூசுவார்.

இதே சண்டையைத் திப்பு தன் ஸ்ரீரங்கப்பட்டண மாளிகையான தரியா தௌலத் பாக் சுவரில் வரையச் செய்திருக்கிறார். பெய்லி பல்லக்கில் இருக்கிறார், வெடிமருந்து வண்டி வெடிக்கிறது, சுற்றிலும் வரிசை வரிசையாக ஒரே அச்சில் வார்த்ததுபோலச் சிப்பாய்கள். அதை வரைந்தவருக்கும் நாள் குறித்துக் கொடுத்திருப்பார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அறிகுறி: வாஷ் காய்ந்ததும் காப்பிக் கறைபோல வளையம்

வாஷ் என்பது மடிப்புக்குள் இறங்கி நிழலாக நிற்க வேண்டிய நீர்த்த வர்ணம். தட்டையான இடத்தில் அது தேங்கினால், ஓரம் முதலில் காய்ந்து நிறமியை அங்கே இழுத்துக்கொள்ளும். சிப்பாய்களின் வெள்ளை அரைக்கால் சட்டையில் இது கண்ணுக்குக் குத்தும். பச்சைத் தண்ணீர் சேர்த்து நீர்க்கவைத்தால் வளையம் கூடும். மேட் மீடியம் (நிறமியும் பளபளப்பும் இல்லாத வர்ணக் கலவை) சேர்த்து நீர்க்கவையுங்கள். பூசிய கையோடு, ஈரமான வெறும் தூரிகையால் தேங்கிய இடத்தை ஒற்றி எடுங்கள். பாதி காய்ந்துவிட்டால் கையை எடுத்துவிடுங்கள். அப்போது தொட்டால் கிழியும். முழுக்கக் காய்ந்தபின் அடிநிறத்தைக் கொண்டு மேட்டுப் பகுதிகளை மட்டும் மறுபடி தொட்டால் கறை மறையும், இலவசமாக ஒரு வெளிச்சப் பூச்சும் கிடைக்கும்.

2019-இல் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் கான்ட்ராஸ்ட் என்ற வகையைக் கொண்டுவந்த பிறகு, நிறமும் நிழலும் ஒரே பூச்சில் தரும் வர்ணங்கள் பெருகிவிட்டன. வெளிர் பிரைமர்மேல் மடிப்புகள் நிறைந்த துணிக்கு இவை வரம். தலைப்பாகைகளை நான் அப்படித்தான் முடித்தேன், ஒன்றுக்கு இருபது விநாடி. பீரங்கி வண்டியின் தட்டைப் பலகையில் பூசினேன், திட்டுத் திட்டாக நின்றது. மடிப்புள்ள இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: முகங்கள் சரியில்லை, கண்கள் விழித்துப் பார்க்கின்றன

கண் பூசாதீர்கள். 28 மில்லிமீட்டர் உருவத்தின் கண் கடுகில் கால் பங்கு. அதில் வெள்ளையும் கருமணியும் வைத்தால், எதிரே பேயைக் கண்டவன்போல் எல்லாரும் முழிப்பார்கள். ஆட்டத்தில் பொம்மையைப் பார்ப்பது மூன்றடி தூரத்தில் நின்று. அங்கிருந்து தெரிவது புருவத்தின் நிழலும் மூக்கு நுனியும் கன்னமேடும்தான். ஏற்கெனவே கண் வைத்துக் கெடுத்துவிட்டால், குழியில் ஒரு துளி கரும்பழுப்பு வாஷ் விடுங்கள். கண்ணை இடுக்கிக்கொண்டு வெயிலில் நிற்பதுபோல் ஆகிவிடும். செப்டம்பர் காஞ்சிபுரத்தில் அது பொருத்தம்தான்.

தோல் நிறம் பற்றி ஒரு வார்த்தை. வர்ணப் பெட்டிகளில் “தோல் நிறம்” என்று எழுதியிருப்பது பெரும்பாலும் இளஞ்சிவப்பு. சென்னைப் பட்டாளத்துச் சிப்பாய்கள் நம் ஊர்க்காரர்கள். தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள். அந்தப் பாட்டிலை வெள்ளைக்காரக் கம்பெனிக்கு ஒதுக்கிவிட்டு, மூன்று பழுப்புகளைக் கலந்து வைத்துக்கொள்ளுங்கள்: புளி நிறம், செம்பழுப்பு, கொஞ்சம் மாநிறம். எட்டுப் பேரில் மூன்று பேருக்கு ஒன்று, மூன்று பேருக்கு மற்றொன்று, இரண்டு பேருக்கு மீதி. கூடுதல் நேரம் ஏறக்குறைய இல்லை, ஆனால் பட்டாளம் உடனே உயிர்பெறும். நிழலுக்குக் கறுப்பு வாஷ் வேண்டாம், சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும், செம்பழுப்பு வாஷ். கடைசியில் மூக்கிலும் கன்னத்திலும் முழங்காலிலும் அடிநிறத்தோடு கொஞ்சம் மஞ்சள் கலந்த தொடுப்பு. வெள்ளை கலந்து வெளிறவைத்தால் மாவு பூசியதுபோல் இருக்கும். முதல் எட்டுப் பேருக்கு நான் அதைத்தான் செய்தேன். என் மனைவி பார்த்துவிட்டு, “இவர்கள் கூத்துக்குப் போகிறார்களா?” என்றார்.

அறிகுறி: வெள்ளை வார் சுண்ணாம்பு அடித்ததுபோல் திட்டாக இருக்கிறது

தூய வெள்ளையைத் தொடாதீர்கள். வெளிர் சாம்பலோ தந்த நிறமோ ஒரு பூச்சு, காய்ந்ததும் மேல் விளிம்பில் மட்டும் வெள்ளை. அவ்வளவுதான்.

அறிகுறி: எட்டே பொம்மை ஒரு வாரத்தைத் தின்றுவிட்டது

எனக்கு அந்த எட்டுப் பேர், பெய்லிக்கு உதவியாக வந்து சேர்ந்த 73-ஆம் படைப்பிரிவின் மலைநாட்டார். நான் வாங்கிய பொம்மைகள் கட்டம்போட்ட ஸ்காட்லாந்துப் பாவாடை அணிந்தவை. கருநீலம், பச்சை, அதில் வெள்ளைக் கோடு, சிவப்புக் கோடு என்று துணியின் உண்மையான கட்டத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் போடத் தொடங்கினேன். நான்கு இரவில் மூன்று பேர் முடிந்தார்கள். நான்காமவனின் பின்பக்கத்தில் கோடு கோணிக்கொண்டது.

அப்போது ஐந்தடி தள்ளிப் போய் நின்று பார்த்தேன். முடிந்த மூன்று பேரின் பாவாடையும் ஒரே கரும்பச்சைத் திட்டாகத் தெரிந்தது. மீதி ஐந்து பேருக்கும் கருநீலம் பூசி, அகலமான பச்சைக் கோடு குறுக்கும் நெடுக்கும் இரண்டு, நடுவில் மெல்லிய வெள்ளை ஒன்று, முடித்துவிட்டேன். ஒருவனுக்கு ஆறு நிமிடம். ஆட்டத்தன்று எந்த மூன்று பேர் அசல் கட்டம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. என்னாலும்தான்.

உங்களுக்கு அது கொடியாக இருக்கலாம், குதிரைச் சேணமாக இருக்கலாம். ஒரு பொம்மையில் நேரம் ஓடுகிறது என்று தோன்றினால் அதை மேசையின் மறு கோடியில் வைத்துவிட்டுப் பாருங்கள். அங்கிருந்து தெரியாததைப் பூச வேண்டியதில்லை. கொடியைக் கையால் வரையவே வேண்டாம். தாளில் அச்சடித்து, நீர்த்த ஃபெவிகால் தடவி, கம்பத்தைச் சுற்றி மடித்து, ஈரம் இருக்கும்போதே பென்சிலால் அலைபோல் வளைத்துவிடுங்கள். ஓரத்தில் தெரியும் வெள்ளைத் தாளுக்கு மட்டும் ஒரு தொடுப்பு.

அறிகுறி: வார்னிஷ் அடித்ததும் படை முழுக்கப் பனி மூடியது

இதுதான் நெஞ்சை அடைக்கும் விபத்து, ஏனென்றால் முடிந்த வேலையின்மேல் நடக்கிறது. ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒரு மாலை, மழைக்கு முன்னால் வரும் அந்தப் புழுக்கத்தில், முடிந்த முதல் 16 பேரை அட்டைப்பெட்டியில் நிறுத்தி மேட், அதாவது பளபளப்பில்லாத, வார்னிஷ் ஸ்பிரே அடித்தேன். அடிக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. கைகழுவிவிட்டு வந்து பார்த்தால் கருநீலத் தலைப்பாகைகள் சாம்பல் நிறத்தில் இருந்தன. சிவப்பு மேலங்கி, பழைய திருமணப் பத்திரிகைபோல் வெளுத்திருந்தது.

காற்றின் ஈரம் வார்னிஷ் படலத்தில் மாட்டிக்கொண்டதும் கனமாக அடித்ததும் சேர்ந்து செய்த வேலை. பதறி வர்ணத்தைச் சுரண்டாதீர்கள், அடியில் இருப்பது கெடவில்லை. ஓர் இரவு முழுக்கக் காயவிட்டு, தூரிகையால் பளபள வார்னிஷ் ஒரு பூச்சுப் பூசுங்கள். பெரும்பாலும் பனி கரைந்து நிறம் திரும்பிவிடும். அது காய்ந்தபின் மேட் வார்னிஷ்ஷை, அதையும் தூரிகையாலேயே, மெல்லிசாகப் பூசிப் பளபளப்பை அடக்குங்கள். என் 16 பேரில் 14 பேர் பிழைத்தார்கள். இருவருக்கு இடுக்கில் கொஞ்சம் வெண்மை தங்கியது. பின் வரிசைக்கு அனுப்பிவிட்டேன்.

மேட் வார்னிஷ் பாட்டிலை ஒரு நிமிடமாவது குலுக்குங்கள். பளபளப்பை அடக்கும் பொடி அடியில் தங்கிவிடும். குலுக்காமல் எடுத்தால் மேலே வருவது பளபளப்பு, பாட்டில் தீரும்போது வருவது சுண்ணாம்பு.

பொம்மையின் பாதத்தைச் சுற்றி மட்டும் வெள்ளைப் புகை படிந்திருந்தால் அது வார்னிஷ் அல்ல, சூப்பர் குளூ. மூடிய பெட்டிக்குள் காயவைத்ததால் வந்தது. மேலே ஒரு தொடுப்பு வர்ணம் போதும்.

அறிகுறி: நாளை மறுநாள் ஆட்டம், இன்னும் 16 பேர் பாக்கி

செப்டம்பர் 8, இரவு ஒன்பது மணி. மூன்றாம் பட்டாளத்தில் தோலும் சிவப்பும் வெள்ளையும் முடிந்திருந்தன. மீதி ஆறு நிறம். இரண்டு இரவில் இரண்டரை மணி நேரம்தான் கையில்.

இந்த நிலையில் முதலில் தரையை முடியுங்கள். கேட்பதற்குத் தலைகீழாக இருக்கும். ஆனால் ஆட்டத்தில் கண் முதலில் பார்ப்பது பட்டாளம் என்ற கூட்டத்தை. அதை ஒன்றாகக் கட்டுவது எல்லாருக்கும் ஒரே மாதிரியான தரைதான். அடித்தட்டில் ஃபெவிகால், அதன்மேல் சலித்த மணல், காய்ந்தபின் மண் நிறம், மேலே வெளிர் சந்தனத்தை உலர்ந்த தூரிகையால் உரசல், விளிம்பைச் சுற்றி ஒரு சீரான பழுப்பு. 16 பேருக்கு 40 நிமிடம். அடுத்தது தலைப்பாகை, அடுத்தது துப்பாக்கிக் கட்டையும் இரும்பும், அடுத்தது முன்வரிசை எட்டுப் பேருக்கு மட்டும் மஞ்சள் காலர். பின்வரிசைக்குக் காலர் இல்லை. கடைசியாக எல்லாருக்கும் ஒரு பழுப்பு வாஷ், பிசிறையெல்லாம் அழுக்காக மாற்றிவிடும். நடந்து களைத்த படைதானே, அழுக்கு இருக்கட்டும்.

இது ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம். வார்ஹாம்மர் 40,000 என்ற பொம்மைப் போர் ஆட்டத்தில் படை முழுக்க ஒரு குறைந்தபட்சத் தரத்துக்கு வர்ணம் பூசியிருந்தால் 100-க்கு 10 புள்ளி தருகிறார்கள். அந்தத் தரம் கேட்பது முக்கிய இடங்களில் நிறமும் முடித்த தரையும்தான்.

இரவு பன்னிரண்டுக்கு மேல் பூசாதீர்கள். நான் பூசினேன். ஒருவனுக்குத் தலைப்பாகை நிறத்தில் முகம் வைத்துவிட்டேன்.

அறிகுறி: ஆட்டத்துக்குக் கொண்டுபோய்த் திறந்தால் துப்பாக்கிச் சனியன்கள் (முனையில் செருகிய கத்திகள்) வளைந்திருக்கின்றன

பஞ்சில் சுற்றி எடுத்துப் போனீர்கள். பஞ்சு இழை சனியன் முனையில் மாட்டி, எடுக்கும்போது இழுத்துவிடும். அடித்தட்டின் கீழே சின்னக் காந்தத்தை ஒட்டி, தகரப் பிஸ்கட் டப்பாவில் நிறுத்திக்கொண்டு போங்கள். ஆட்டோ எந்தப் பள்ளத்தில் இறங்கினாலும் நிற்பார்கள். உலோகச் சனியன் வளைந்திருந்தால் வேகமாக நிமிர்த்தாதீர்கள், முறியும். விரலால் வேரிலிருந்து நுனி வரை மெதுவாக நீவுங்கள். வர்ணம் விரிசல் விட்ட இடத்துக்கு இரும்பு நிறத்தில் ஒரு தொடுப்பு. அதற்காகவே ஒரு குட்டித் தூரிகையையும் இரும்பு, சிவப்பு, மண் நிறம் மூன்றையும் டப்பா ஓரத்தில் போட்டுக்கொண்டு போனேன்.

பஞ்சை வேறு வேலைக்கு எடுத்துப் போங்கள். வெடிமருந்து வண்டி ஒன்றை, பலகைக்குப் பலகை மரவரி தெரியும்படி, மூன்று மணி நேரம் பூசியிருந்தேன். இரண்டாம் சுற்றில் நண்பரின் பகடையில் ஆறு விழுந்தது. வண்டியை எடுத்து டப்பாவில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் கரி தடவிய பஞ்சு உருண்டையை வைத்தேன். மாலை வரை எல்லாரும் படமெடுத்தது அந்தப் பஞ்சைத்தான்.